வி. வி. குமாரின் பந்து வீச்சு

கிரிக்கெட் கணக்கேடுகளில் வி. வி. குமார் என்னும் பெயருக்கு நேரே இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று 7, மற்றொன்று 599. இந்திய நாட்டின் சார்பில் டெஸ்ட் ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 7. முதல்தர ஆட்டங்கள் எனப்படும் உயர்நிலை ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து வீழ்த்தியவை, அந்த ஏழும் உட்பட, 599. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர், யாரோ ஓர் இளைஞர் வந்தார், ஆடினார், போனார் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இரண்டாம் எண்ணையும் பார்ப்பவர் சற்று நின்று யோசிப்பார். இவ்வளவு பெரிய உழைப்பாளி நாட்டு அணியில் இரண்டே இரண்டு ஆட்டங்கள்தாமா ஆடினார் என்ற கேள்வி அவருக்கு எழும். அக்கேள்விக்கு விடை தேடினால், ஒருவர் செய்த வேலையை எந்த ஏட்டில் எழுதுகிறோம், எந்த ஏட்டைப் படிக்கிறோம் என்னும் வேறொரு செய்தியும் உடன் வருகிறது.

ஜொகூர்த் தமிழர்க்குக் கிரிக்கெட் முற்றும் அயலானதன்று. ஆனால் நெருங்கிய உறவென்றும் சொல்ல முடியாது. தோட்டத் திடல்களில் மாலைதோறும் உருண்டது காற்பந்தே. இடைநிலைப் பள்ளிகளில் மட்டையும் பந்துமாக மாணவர் ஆடுவது பெரும்பாலும் சாப்ட்பால். ஜொகூர் கிரிக்கெட் பயிற்சிக் கழகத்தின் திடலில் 2008இல் 19 வயதுக்குட்பட்ட ஆடவரின் உலகக் கோப்பை ஆட்டங்கள் சிலவும், 2025இல் அதே வயதுப் பெண்களின் உலகக் கோப்பை ஆட்டங்கள் சிலவும் நடைபெற்றன. ஆயினும் மட்டையடிப்பவரின் பெயர் தெரிந்த அளவுக்குப் பந்து வீசுபவரின் கலை நம்மவர்க்குத் தெரிந்திருக்கும் என்று கூற இயலாது. ஆதலின் குமாரின் வாழ்க்கையைச் சொல்லுமுன் அவருடைய வித்தை இன்னதென்று விளக்குவது முறையாகும்.

கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கும்போது பந்து புதியது. அதன் தோல் பளபளப்பாக இருக்கும். நடுவே ஓடும் தையல் மேடாக நிற்கும். அவ்வேளையில் பந்தைக் கையில் எடுப்பவர்கள் வேக வீச்சாளர்கள். நெடுந்தூரம் ஓடி வந்து, தோள்வலிமையால் வீசுவார்கள். நேரம் செல்லச் செல்லப் பந்து தேயும், வெயில் ஏறும், வேக வீச்சாளர் களைப்பார். எதிரணியின் ஆட்டக்காரர்களோ கண் பழகி, கால் ஊன்றி நின்றுவிடுவார்கள். அப்பொழுதுதான் அணித்தலைவர் சுழல் வீச்சாளரை அழைப்பார். பளபளப்புப் போன பந்தையும் பழகிவிட்ட எதிரியையும் வைத்துக்கொண்டு அவர் தம் வேலையைத் தொடங்கவேண்டும்.

சுழல் வீச்சிலும் இரு குலங்கள் உண்டு. விரலால் சுழற்றுவோர் ஒரு குலம்; மணிக்கட்டால் சுழற்றுவோர் மற்றொரு குலம். குமார் இரண்டாம் குலத்தவர். லெக் ஸ்பின் வீசியவர். வலக்கையால் பந்தை விடும் கணத்தில் மணிக்கட்டு, பூட்டில் சாவி திரும்புவது போல், திரும்பும். பந்து பம்பரம்போலச் சுழன்றுகொண்டே சென்று தரையில் விழும். விழுந்தபின் நேரே போகாமல், வலக்கை ஆட்டக்காரரின் கால்புறத்திலிருந்து அவரை விட்டு விலகிச் செல்லும். நேரே வருமென்று மட்டையை நீட்டினால் விளிம்பில் பட்டுப் பிடிபடும்.

இவ்வளவே என்றால் இரண்டு மூன்று ஓவர்களில் எதிரி கற்றுக்கொண்டுவிடுவான். ஆகவே லெக் ஸ்பின் வீச்சாளர் கூக்ளி என்னும் மற்றொரு பந்தையும் வைத்திருப்பார். பார்வைக்குக் கையசைவு முன்போன்றதே. பந்து மட்டும் புறங்கையின் பக்கமிருந்து வெளிப்பட்டு, எதிர்த்திசையில் திரும்பி உள்ளே வரும். இதனைக் கண்டவர் போஸன்கெட் என்னும் ஆங்கிலேயர். மேசையின் மீது டென்னிஸ் பந்தைத் துள்ளவிட்டு எதிரே இருப்பவரை ஏமாற்றும் ஒரு வீட்டு விளையாட்டிலிருந்து 1900ஆம் ஆண்டை ஒட்டி இதனை அவர் கிரிக்கெட் திடலுக்குக் கொண்டுவந்தார். மூன்றாவதாக, பக்கவாட்டில் திரும்பாமல் விழுந்த இடத்திலிருந்து சற்று மேலெழுந்து விரைந்து வரும் பந்தும் ஒன்றுண்டு. மூன்றையும் ஒரே கையசைவில் மறைத்து வீசுவதே இக்கலையின் உயிர்.

கேட்பதற்கு இனிது, செய்வதற்கு மிகக் கடினம். மணிக்கட்டு ஒரு நூலளவு முன்னோ பின்னோ திரும்பினாலும் பந்து இடம் தவறி விழும். எதிரி அதனை எல்லைக்கு அனுப்பிவிடுவான். எனவேதான் லெக் ஸ்பின் வீச்சாளரைச் செலவாளி என்று அணித்தலைவர்கள் அஞ்சுவது வழக்கம். குமாரின் தனிச்சிறப்பு இங்கேதான் உள்ளது. அவர் சிக்கனமானவர். 599 விக்கெட்டுகளுக்கு அவர் கொடுத்த விலை, சராசரியாக ஒன்றுக்கு 20 ஓட்டங்களுக்கும் சற்றுக் குறைவு. மணிக்கட்டால் சுழற்றுபவருக்கு, அதுவும் இருபதாண்டுகளுக்கு மேல், இத்தகைய விலை கிட்டுவது அரிது.

குமார் 1935ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். 1955-56ஆம் பருவத்தில் சென்னை மாநில அணிக்கு ஆடத் தொடங்கினார். நாட்டு அணியின் அழைப்பு 1961ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. டெல்லியில் பெரோஷா கோட்லாத் திடலில், பாகிஸ்தானுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது, இறுதி ஆட்டம். அத்தொடரின் முதல் நான்கு ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்திருந்தன. அதற்கு முந்திய 1954-55ஆம் பருவத் தொடரிலும் ஐந்தும் அவ்வாறே முடிந்தவை. தோற்றுவிடக்கூடாது என்ற அச்சமே இரு நாட்டு அணிகளையும் ஆட்டிவைத்த காலம் அது. அத்தகைய ஆட்டத்தில் விக்கெட் வீழ்த்துவது பாறையில் கிணறு தோண்டுவது போன்றது.

இந்திய அணி 463 ஓட்டங்கள் எடுத்தது. பாகிஸ்தான் அணியை 286க்குள் அடக்கியதில் 25 வயதுக் குமாருக்குப் பெரும்பங்கு உண்டு. 64 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த இந்தியர் அதற்குமுன் ஒருவரே. 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் முகமது நிசார் அதைச் செய்தார். பின்தங்கிய பாகிஸ்தான் மீண்டும் உடனே ஆட நேர்ந்து 250 ஓட்டங்கள் எடுத்தது. அதிலும் குமாருக்கு 2 விக்கெட்டுகள் கிடைத்தன. வெற்றிக்கு இந்தியாவுக்கு வேண்டியிருந்தவை 74 ஓட்டங்கள்; நேரம் போதவில்லை. ஐந்தாவது ஆட்டமும் முடிவின்றிப் போயிற்று. இரு நாடுகளும் மீண்டும் டெஸ்ட் ஆட்டத்தில் சந்தித்தது 1978இல்தான்.

ஒன்பது மாதங்களுக்குப்பின், 1961 நவம்பரில், பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாம் வாய்ப்புக் கிடைத்தது. இங்கிலாந்து 8 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 500 ஓட்டங்கள் குவித்தது. குமார் 70 ஓட்டங்கள் கொடுத்தார். விக்கெட் ஒன்றும் இல்லை. அவருக்கு அப்போது வயது 26. அதன்பின் நாட்டு அணி அவரை அழைக்கவேயில்லை.

தேர்வுக் குழுவினரைக் குறை கூறுவது எளிது. அவர்கள் நிலையையும் பார்க்கவேண்டும். ஓர் அணியில் பதினொருவர்க்கே இடம். அதில் லெக் ஸ்பின் வீச்சாளர் ஒருவர்க்குமேல் இடம்பெறுவது அரிது. அக்காலத்தில் அவ்விடத்திற்கு உரியவராகக் கருதப்பட்டவர் சுபாஷ் குப்தே. 36 டெஸ்டுகளில் 149 விக்கெட்டுகள் வீழ்த்தியவர். 1958இல் கான்பூரில் மேற்கிந்தியத் தீவினரின் ஒரே இன்னிங்ஸில் 9 பேரை வீழ்த்தியவர். சந்து போர்டே என்பவரும் லெக் ஸ்பின் வீசினார். அவர் சிறந்த மட்டையாளரும் ஆவார். ஒருவரைத் தேர்ந்தால் இருவேலை நடக்குமென்றால் எந்தத் தேர்வாளரும் அவரையே நாடுவார். அந்த 1961-62ஆம் பருவத் தொடரில் இந்தியா கல்கத்தாவிலும் சென்னையிலும் வென்று, இங்கிலாந்தை முதன்முறையாகத் தொடரில் தோற்கடித்தது. அதில் இடக்கை வீச்சாளர் சலீம் துரானி 23 விக்கெட்டுகளையும் போர்டே 16 விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். வென்ற அணியில் கைவைக்க யாரும் துணியமாட்டார்கள். குப்தேயின் டெஸ்ட் வாழ்வும் அதே 1961 டிசம்பரில் முடிந்தது. ஆகச் சில வாரங்களுக்குள் நாட்டின் இரு லெக் ஸ்பின் வீச்சாளரும் வெளியே நின்றனர். காலியான இடத்துக்குக் குமார் வந்திருக்கலாம், வரவில்லை. 1964 ஜனவரியில் மைசூர் மாநிலத்தின் சந்திரசேகர் வந்தார். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கையைக்கொண்டே 242 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்த அவர் வந்தபின் கதவு அடைபட்டுவிட்டது. எனினும் 1962, 1963ஆம் ஆண்டுகளில் திறந்திருந்த கதவைப் பற்றிச் சொல்ல நியாயம் ஒன்றும் புலப்படவில்லை.

குமார் சென்னைக்குத் திரும்பிப் பந்து வீசினார். ஒரு பருவம் இருபருவம் அல்ல. 1976-77 வரை வீசினார். மாநில அணிகள் போட்டியிடும் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் மட்டும் 417 விக்கெட்டுகள். அக்கோப்பையின் வரலாற்றில் 400ஐத் தாண்டிய முதல் வீச்சாளர் அவரே.

இந்த இருபத்திரண்டு பருவங்களைச் சென்னை அணியின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் ஒரு விந்தை தோன்றும். சென்னை முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55இல். குமார் வந்தது அதற்கு அடுத்த பருவம். பின்னர்த் தமிழ்நாடு மீண்டும் வென்றது 1987-88இல். குமார் விலகிப் பத்துப் பருவங்கள் கழிந்தபின். இரு வெற்றிகளுக்கும் நடுவேயிருந்த நீண்ட பள்ளத்தில் அவருடைய உழைப்பு முழுவதும் அடங்கிவிட்டது. அக்காலத்தில் 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து பருவங்களும் தொடர்ந்து பம்பாயே கோப்பையைக் கொண்டு சென்றது. சென்னை 1967-68இலும் 1972-73இலும் இறுதி ஆட்டம்வரை சென்று பம்பாயிடம் தோற்றது. இவற்றுள் இரண்டாவது சேப்பாக்கத்தில் நடந்தது. வெங்கட்ராகவனும் குமாரும் உள்ள அணிக்குச் சுழலும் தரை சாதகம் என்று யாரும் நினைத்திருக்கக் கூடும். பம்பாய் 151, 113 என்று குறைந்த ஓட்டங்களே எடுத்தது. ஆனால் அதே தரையில் பம்பாயின் பத்மாகர் சிவல்கர் 16 ஓட்டங்களுக்கு 8, 18 ஓட்டங்களுக்கு 5 என்று விக்கெட்டுகளைச் சாய்க்க, தமிழ்நாடு 80க்கும் 61க்கும் சுருண்டது. மூன்றாம் நாளின் முதற் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது!

வெங்கட்ராகவனைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லவேண்டும். கிரிக்கெட்டில் இரு முனைகளிலிருந்து மாறிமாறிப் பந்து வீசுவார்கள். ஒரு முனையில் ஒருவர் ஓட்டம் கொடாமல் கட்டிப்போட்டால், பொறுமையிழந்த எதிரி மறுமுனையில் துணிந்து அடித்து ஆட்டமிழப்பான். விக்கெட் மறுமுனையாரின் கணக்கில் ஏறும். கட்டிப்போட்டவர்க்குக் கணக்கேட்டில் கிடைப்பது, ஓட்டமில்லா ஓவர் என்னும் ஒரு சிறு குறி மட்டுமே. வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகள் ஆடி 156 விக்கெட்டுகளும், ரஞ்சிக் கோப்பையில் 530 விக்கெட்டுகளும் எடுத்த பெரியவர். குமாரும் அவரும் பல பருவங்கள் ஒரே அணியில் பந்து வீசினர். ஒருவர் கணக்கில் ஏறியவற்றுள் மற்றவர் உழைப்பு எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்த ஏடும் உதவாது.

ஏடு உதவாத வேலை வேறு ஆட்டங்களிலும் உண்டு. நம் மாணவர் ஆடும் சாப்ட்பாலுக்குத் தாயாகிய பேஸ்பால், அமெரிக்கர்களின் பெருவிளையாட்டு. அதில் பந்து எறிபவர் ஒருவரே ஆட்டத்தின் அச்சாணி. முன்னாளில் தொடங்கியவரே ஒன்பது சுற்றுகளையும் முடிப்பது பெருமையாகக் கருதப்பட்டது. அவர் களைத்தால் வேறொருவரை அனுப்புவர். அவரை மாற்று வீச்சாளர் என்னலாம். கிரிக்கெட்டில் ஓய்வெடுத்தவர் திரும்பவும் வந்து வீசலாம். பேஸ்பாலில் வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. ஆகவே மாற்று வீச்சாளர், பிறர் விட்டுச்சென்ற நெருக்கடியைத் தாமே சுமந்து தீர்க்கவேண்டும். தீர்த்தாலும் வெற்றி பெரும்பாலும் தொடங்கியவர் பெயரிலேயே எழுதப்படும். நம் பள்ளிகளில் வராத ஆசிரியரின் வகுப்பை ஏற்று நடத்துவதையும் ரிலீப் என்றே சொல்கிறோம். அந்த மணிநேரங்களும் தேர்ச்சி அறிக்கையில் ஏறுவதில்லை.

1950இல் பிலடெல்பியா அணியின் ஜிம் கான்ஸ்டான்டி என்பவர் இந்நிலையைச் சற்று அசைத்தார். உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவர், வயது 33. பேஸ்பால் ஆடியறியாத, ஈமச்சடங்குத் தொழில் நடத்திய நண்பர் ஒருவரே அவருடைய எறிமுறையைக் கவனித்துத் திருத்திவந்தார் என்பது சுவையான செய்தி. அவ்வாண்டு 74 ஆட்டங்களில் மாற்று வீச்சாளராகவே வந்து, 16 வெற்றிகள் பெற்று, தம் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதை அடைந்தார். மாற்று வீச்சாளர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆனால் அவர் பிறருக்காகக் காத்துக்கொடுத்த வெற்றிகளை எழுத அன்று கணக்கேட்டில் கட்டமே கிடையாது. சிகாகோ நகரத்துப் பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன், 1960ஐ ஒட்டி அதற்கொரு கணக்கு முறையை வகுத்தார். அவரைத் தூண்டியது பிட்ஸ்பர்க் அணியின் எல்ராய் பேஸ் என்பவரின் 1959ஆம் ஆண்டுக் கணக்கு. 18 வெற்றி, 1 தோல்வி என்று அது மின்னியது. உண்மையில் அவற்றுட் பலவற்றில் பேஸ் முன்னிலையைத் தாமே பறிகொடுத்தார். பின்னர் அவருடைய அணியினர் அடித்து மீட்டனர். கட்டம் இல்லாததால் நல்ல உழைப்பு மறைவதும் உண்டு. தவறான கட்டத்தால் சாதாரண உழைப்பு பெரிதாகத் தெரிவதும் உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார். காத்துக்கொடுத்த ஆட்டங்களின் எண்ணிக்கை 1969இல் அதிகாரபூர்வமான கணக்காயிற்று. பழைய ஏடுகளைப் புரட்டி எண்ணியபோது, கான்ஸ்டான்டி 1950இல் காத்தவை 22 என்று தெரியவந்தது.

பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் மாற்று வீச்சாளர் ஒருவர் முதன்முதலாக இடம்பெற்றது 1985இல்; அவர் ஹாய்ட் வில்ஹெம். 1952 முதல் 1972 வரை 1,070 ஆட்டங்களில் எறிந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்வரை ஆடியவர். குமார் பந்தைச் சுழற்றிச் சுழற்றி ஏமாற்றினார்; வில்ஹெமோ பந்தைச் சுழலவே விடாமல் எறிந்து ஏமாற்றினார். சுழலாத பந்தைக் காற்று தன் விருப்பப்படி அலைக்கும். அது எங்கே வரும் என்று எறிபவருக்கே தெரியாது. தோள்வலிமையை நம்பாத வித்தை நெடுங்காலம் நிலைக்கும் என்பதற்கு இருவருமே சான்று.

குமாருக்கு வேண்டியது புதிய கட்டமன்று. அவருடைய 599உம் 417உம் முறையாக எழுதப்பட்டே உள்ளன. படிப்பவர்தாம் டெஸ்ட் ஏட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். இவ்வழக்கால் மறைந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்தது. மைசூருக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சென்னையின் ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் அது முடிந்தது. அவர் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. அவருடைய மைந்தர் இருவர் ஆடினர். ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட்டுகளோடு குமாரைக் கடந்து சென்ற அரியானாவின் ராஜிந்தர் கோயலும், சேப்பாக்கத்தில் 13 விக்கெட்டுகளைச் சாய்த்த அந்தச் சிவல்கரும் டெஸ்ட் திடலில் கால்வைத்ததில்லை. அவர்களோடு ஒப்பிட்டால் குமாருக்கு ஏழேனும் கிடைத்தது.

பெரோஷா கோட்லாவில் குமார் வீசிய பிப்ரவரி கழிந்து ஐம்பதாண்டுகளுக்குப்பின், 2011 நவம்பரில், அதே திடலில் சென்னையைச் சேர்ந்த மற்றொரு சுழல் வீச்சாளர் தம் முதல் டெஸ்டை ஆடினார். மேற்கிந்தியத் தீவினரின் இரண்டாம் இன்னிங்ஸில் 47 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், ஆட்டம் முழுவதிலும் 9. அவர் ரவிச்சந்திரன் அசுவின். 2024 டிசம்பரில் ஓய்வு பெறும்போது அவர் ஆடியிருந்த டெஸ்டுகள் 106. எடுத்திருந்த விக்கெட்டுகள் 537. முதல் டெஸ்டிலேயே ஒரே இன்னிங்ஸில் ஐந்தோ அதற்கு மேலோ எடுத்த இந்தியரின் பட்டியலில் அவர் பெயருக்கு மேலே, நிசாருக்கு அடுத்ததாக, வி. வி. குமார் என்று எழுதியிருக்கிறது.